காட்டுப் பாதைக்கு ஒரு கால அட்டவணை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மேல்தாடைப் பொய்ப்பல் செட் இரண்டு, கீழ்த்தாடை ஒன்று முடித்தேன். சாயங்காலம் ஒரு பொய் சொன்னேன்.

மகள் கட்டிக்கொள்ளப்போகும் நெட்டையனின் அப்பா போன் செய்தார். முப்பத்துநாலு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஞாயித்துக்கிழமை ஆனா காட்டுக்குள்ள சைக்கிள்தான் சார். பதினோரு கிலோமீட்டர், ஒரே சுத்து, கிளம்பின இடத்துக்கே வந்துடலாம். உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலே எழுத்து. பாழாய்ப்போன என் வாய் என்ன சொன்னது? "சின்ன வயசுல சைக்கிள்லயே மலை ஏறியிருக்கேன் சார்!"

எந்த மலை? எனக்கே தெரியாது. ஐம்பத்தாறு வயதாகிறது, இன்றுவரை சைக்கிளில் பின்சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை. மனிதர் குஷியாகி இருபத்திரண்டாம் தேதி என்று நாளே குறித்துவிட்டார்.

மார்ச் 4, புதன்

மகளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அப்பா, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஏன் தெரியாம?"

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல என் டீச்சர்கிட்ட கப்பல் கேப்டனா இருந்தேன்னு சொன்னீங்க. வருஷம் பூரா எல்லாரும் என்கிட்ட கப்பலைப் பத்தியே கேட்டாங்க. நான் வாழப்போற வீட்டுலயும் தலைகுனிஞ்சு நிக்க முடியாதுப்பா. ஒரே ஒரு நாள், அளந்துவிடாம அவங்க அப்பாவோட இருந்துட்டு வாங்க. அப்புறம்தான் கல்யாணத் தேதி. அதுவரைக்கும் யாரும் தேதிப் பேச்சை எடுக்காதீங்க."

பதினைந்து வருடமாகிறது, கப்பலை இன்னும் மறக்கவில்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மற்றதற்கெல்லாம் வருகிறது.

மார்ச் 5, வியாழன்

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. மனுஷன் சந்திரனுக்கே போய்விட்டான்.

மார்ச் 7, சனி

ரயில்காரர் கால அட்டவணை அனுப்பியிருக்கிறார். சைக்கிளுக்கு!

6.10 வாசல், புறப்பாடு. 6.31 மரப்பாலம், நிறுத்தம் இரண்டு நிமிடம். 6.58 மேடு, வேகக் கட்டுப்பாடு. 7.20 ஓடைக்கரை, பத்து நிமிடம், பிஸ்கட். 8.05 வாசல், வருகை.

ஓரத்தில் கோடு போட்டு ஒரு கட்டம்: 'தாமதம் – காரணம்'. இது எதுக்கு சார் என்று கேட்டேன். "ஒரு நிமிஷம் லேட்டானாலும் காரணம் எழுதணும் சார். கை பழகிடுச்சு" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

நான் மட்டும் சும்மா இருப்பேனா? மாற்றுத் திட்டம் அனுப்பினேன். நீங்களும் பிள்ளைகள் இருவரும் சைக்கிளில் போங்கள், நான் தண்ணீர், பிஸ்கட், மருந்துப் பெட்டியுடன் ஓடைக்கரைக்குக் காரில் வந்துவிடுகிறேன்.

"கார் உள்ளே விடமாட்டாங்க சார்."

மழை வரும்போலிருக்கிறதே?

"மழை முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு சார்."

எனக்கு முட்டிவலி.

"முட்டிவலிக்கு சைக்கிளை மிஞ்சின மருந்தே கிடையாது சார்!"

எந்தப் பக்கம் ஓடினாலும் முன்னால் வந்து கேட்டை மூடிவிடுகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

நான் பல் செய்துகொடுக்கும் டாக்டரம்மாவிடம் சைக்கிளை இரவல் வாங்கினேன். முன்னால் கூடை வைத்தது. "நண்பர் ஒருத்தருக்கு" என்றேன். என் பட்டறைக்குப் பின்னால், பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவில் பயிற்சி. ஏறினேன். இறங்கினேன். நடுவில் ஓட்டுவது என்று ஒன்று இருக்கிறதாமே, அது மட்டும் நடக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

விழுந்தேன். வலது பக்கம்.

மார்ச் 13, வெள்ளி

விழுந்தேன். இடது பக்கம். முன்னேற்றம்தான்.

மார்ச் 14, சனி

ஐயோ. முன்பல்!

நான் பிரேக் பிடித்தேன், சுவர் பிடிக்கவில்லை. பாதிப் பல் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் பொக்கை வாயோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பதா? எனக்கு நானே அச்செடுத்தேன். வாய் நிறையப் பசை, எச்சில் வழிகிறது – அந்த நேரம் பார்த்து ரயில்காரர் போன். பழக்கதோஷத்தில் எடுத்துத் தொலைத்தேன்.

"ம்ம்" என்றேன். அவர் பேசினார். "ம்ம்ம்" என்றேன். மேலும் பேசினார். மனைவி இறந்த பிறகு பையனைத் தனியாக வளர்த்தது, அவன் கல்யாணம் ஆகிப் போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்ற பயம், எல்லாம். பன்னிரண்டு நிமிடம். கடைசியில், "உங்களை மாதிரி பொறுமையா கேக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார்.

பாவம் அந்த மனுஷன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

நான் செய்த பல்லை டாக்டரம்மா ஒட்டிவிட்டார். எப்படி உடைந்தது என்று கேட்டார். ஆப்பிள் கடித்தேன் என்றேன். "அந்த ஆப்பிள்தான் என் சைக்கிள் கூடையையும் நசுக்கிச்சா?" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

"ஏங்க, முட்டியில என்ன காயம்?"

"மேஜை இடிச்சிருச்சு."

"ரெண்டு முட்டியிலயுமா? எத்தனை மேஜைங்க இருக்கு உங்க பட்டறையில?"

சாயங்காலம் பட்டறைக்கே வந்து நின்றாள். சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி முற்றத்தை இரண்டு சுற்று சுற்றினாள்! பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போனாளாம்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க பேசுறதை நிறுத்தினாதானே நான் சொல்றதுக்கு."

சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். மூச்சிரைக்க, "அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

நேராக ஐம்பது அடி ஓட்டிவிட்டேன், தனியாக! திருப்ப மட்டும் வரவில்லை. சுற்றுப்பாதை என்றால் திருப்பம் இருக்குமோ? இருக்குமே.

மார்ச் 21, சனி

மகளிடம் சொல்லிவிடலாம் என்று அவள் அறைவரைக்கும் போனேன். நெட்டையனோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

காட்டு வாசலில் வாடகைக்கு நாலு சைக்கிள். ரயில்காரர், நெட்டையன், மகள், நான். சரியாக 6.10-க்கு அவர் விசில் ஊதினார். நிஜ விசில்.

முதல் ஐம்பது அடி ராஜா மாதிரி போனேன். மகள்கூட ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பாதை திரும்பியது. நான் திரும்பவில்லை.

முள்ளுப்புதர். நெட்டையன்தான் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் ஓடி வந்தான். என்னைத் தூக்கி உட்கார வைத்து, கையைக் காலை ஆட்டிப் பார்த்தான். எதுவும் முறியவில்லை. மகள் பக்கத்தில் குந்தி என் சட்டையிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். ரயில்காரர் மணி பார்த்தார். 6.11. நோட்டை எடுத்தார்.

"காரணம் என்ன சார்? பிரேக்கா?"

அவரே எடுத்துக்கொடுக்கிறார்! ஆமாம் சார், பிரேக்தான், வாடகை வண்டின்னாலே இப்படித்தான் – எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நிற்கிறது. அப்போது முள் எடுத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்தக் கை நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"சைக்கிள் ஓட்டத் தெரியாது. என்னிக்குமே தெரியாது. மலையெல்லாம் ஏறல. கப்பலும் கிடையாது."

"கப்பல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று விழித்தார்.

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் மறுபடியும் முள்ளை எடுக்க ஆரம்பித்தாள்.

ரயில்காரர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'காரணம் – ஓட்டத் தெரியாது.' நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "முப்பத்துநாலு வருஷம் எழுதியிருக்கேன் சார். சிக்னல், மூடுபனி, மாடு. அதுல பாதி மாடு நான் கண்ணால பார்க்காத மாடு. டீ குடிக்க இறங்கினேன்னு எழுத முடியுமா? நெஜமான காரணம் எழுதுறது ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான்."

சின்னவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பதினோரு கிலோமீட்டரும். ஓடைக்கரையில் பிஸ்கட் கடித்தபோது அவருடைய கீழ்ப்பல் செட் ஆடியது. "யார் சார் செஞ்சது இது? கொலை பண்ணி வெச்சிருக்கான்!" என்றேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். 10.40-க்கு வாசல் வந்தோம். தாமதம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். உடம்பில் வலிக்காத இடமில்லை.

வீட்டுக்கு வந்தும் மகள் தேதிப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 25, புதன்

ரயில்காரரின் பல் செட்டைச் சரிசெய்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. விசில் ஊதிக் காட்டினார்.

மார்ச் 28, சனி

தேதிப் பேச்சே இல்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

மகள் பட்டறைக்கு வந்தாள். கல்லூரி முடித்த பிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அவன் எனக்குச் சரிப்படுவானா?"

இதுவரை எதற்கும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை அவள். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன், எத்தனை மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு முழு நீளக் கதை கிளம்பி வந்தது. விழுங்கினேன்.

"தெரியலம்மா. நான் விழுந்தப்ப முதல்ல ஓடி வந்தான். அதை மட்டும்தான் பார்த்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிளாஸ்டர் தூசி என்றாள். இன்று நான் பிளாஸ்டரே கலக்கவில்லை.

"சரிப்பா. தேதி பாருங்க" என்று எழுந்து போனாள்.

கையைக் கழுவிவிட்டுச் சம்பந்திக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.