மேடேறாத வீட்டு வண்டி

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா? போனில் பேசினால் எல்லாம் உன் அப்பா காதில் விழும். எங்கள் வீட்டு வண்டியில் படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் ஊருக்கு ஏறும் மலைப்பாதை தொடங்கிய இடத்திலேயே வண்டி மக்கர் பண்ணிவிட்டது. இன்ஜின் காட்டுக்கத்தல் கத்துகிறது, வண்டி எறும்பு மாதிரி ஊர்கிறது. பிறகு கருகின வாடை. நான் அடுப்பைப் போய்ப் பார்த்தேன், சிரிக்காதே. இப்போது ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறோம்.

எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காதே. மெக்கானிக் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிளட்ச் மிதிக்காமல் கியர் தானாக மாறுகிறதே, எப்படி என்று கேட்டேன். எல்லாம் எண்ணெய் செய்கிற வேலையாம். அதன் அழுத்தம்தான் உள்ளே இருக்கும் தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிறதாம். சூடு ஏறினால் எண்ணெய் கெடும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் வந்தது.

உன் அப்பா விடுவாரா? தினமும் காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்க்கிறேன், குறையவே இல்லை என்று சண்டைக்குப் போனார். கியர் எண்ணெயை இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டுமாம். இவர் நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். நிறுத்தினால் எண்ணெய் கீழே வடிந்து, அளவு கூடுதலாகக் காட்டுமாம். அதற்கப்புறம் ஐயா அளவுக்கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பாரமும் ரொம்ப அதிகம் என்று வண்டியை எடைமேடையில் ஏற்றிக் காட்டினார் மெக்கானிக். நாங்கள் இரண்டு பேர், நாலு பாத்திரம். இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அப்பா டீ குடிக்கப் போனதும், அவர் விட்டுப்போன சாவிக்கொத்தை எடுத்து, அவர் பூட்டியே வைத்திருக்கும் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்தேன்.

உன் தையல் மெஷின். நீ படித்த மேஜை, கால்களைக் கழற்றித் துணி சுற்றியிருக்கிறது. உன் புத்தகங்கள் அத்தனையும், பெட்டி பெட்டியாக. வீட்டை விற்று இந்த வண்டிக்குக் குடிவந்தபோது எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டேன் என்று சொன்னவர். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டு போன பிறகு உன் பெயரையே எடுக்காதவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புது எண்ணெய், புது ஃபில்டர், எண்ணெய் சூட்டைத் தணிக்க ஒரு கூலர், எல்லாம் மாட்டியாகிவிட்டது. பாரத்தை இறக்கினால் மலை ஏறிவிடலாமாம். இல்லாவிட்டால் வழியில் கியர்பாக்ஸையே கழற்ற வேண்டி வரும், உன் பிரசவத்துக்கு நாங்கள் வந்து சேர முடியாது. பெட்டிகளைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லியும் உன் அப்பா அசையவில்லை. "தண்ணித் தொட்டியைக் காலி பண்ணு, என் துணியக்கூட இறக்கு. அந்தப் பெட்டிங்க மேல மட்டும் கை வைக்காதே" என்கிறார். என்னையும் பெட்டிகளையும் உன் வாசலில் இறக்கிவிட்டு, அவர் வண்டியிலேயே இருந்துகொள்வாராம்.

படித்ததும் அவரைக் கூப்பிடு, தங்கம். சாமான் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, மனுஷர் உடைந்துபோவார். லாரியில் போட்டு அனுப்பச் சொல். அப்புறம், வீட்டுக்குள் வரச் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் வருவார்.

நல்லபடியாகப் பெற்றெடுத்துச் சுகமாக இரு. பிள்ளையை முதலில் அவர் கையில் கொடு.

உன் அம்மா