வெளியே நின்று பார்த்தால்

மார்ச் 4
கண்ணாடி வெட்டும்போது விரலில் கீறல். சின்னதுதான். பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்து வண்ண ஜன்னலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதன்முறையாக வரைபடம் முழுக்க என்னுடையது. எந்தச் சுவரில் வைக்கலாம் என்று பட்டறை மேடம் கேட்டார். யோசிக்கவே இல்லை, "பஸ் நிக்கிற பக்கம்" என்றேன். தினமும் காலையில் அப்பா பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்தச் சுவருக்கு எதிரேதான்.

மார்ச் 11
பேங்க் வேலையை விட்டு நான் பட்டறைக்கு வந்ததிலிருந்து அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அவளைத் தண்ணி எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்பார் அம்மாவிடம். இன்று அம்மா வெடித்துவிட்டாள்: "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் கண்டக்டரா?"
எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதை ஃபிரேம் போட்டு மாட்டியவர் அவர்தான். "இவ்வளவு படிச்சுட்டு கண்ணாடி ஒட்டுறா" என்று யாரிடமோ சொன்னவரும் அவர்தான்.

மார்ச் 29
மழையில் பஸ்ஸின் முன்கண்ணாடி. அதுதான் படம். சின்ன வயதில் அப்பா பக்கத்தில், இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து பார்த்த சாலை. எங்கும் நீலமும் சாம்பலும். வைப்பர் துடைத்த இரண்டு அரைவட்டங்களில் மட்டும் மஞ்சள். இடப்பக்கத்து அரைவட்டம் சிறியது.
"அளவு தப்பிடுச்சா?" என்றார் மேடம்.
"இல்ல மேடம், அப்படித்தான்."

ஏப்ரல் 20
பொருத்தியாயிற்று. கூடத்துக்குள் நின்று பார்த்தேன். கண் கலங்கியது. தூசி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21
"கறுப்பா, கம்பி கம்பியா என்னமோ மாட்டியிருக்காங்களாம். உங்கப்பா சொல்றார்" என்றாள் அம்மா.
அடச்சே! பகலில் வெளியே நின்றால் வண்ணக் கண்ணாடி வெறும் இருட்டு. துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுகள்தான் தெரியும். பட்டறையில் முதல் நாளே கற்றது. எனக்கா தெரியாது? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஊரே பார்க்கும், அவர் ஒருத்தரைத் தவிர. கொஞ்சம் இறங்கி உள்ளே வந்து பாருங்கப்பான்னு — எப்படிச் சொல்றது?

ஏப்ரல் 24
அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நானும் அவர் வழிக்கே போனேன். அம்மாவிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன்: "சாயங்காலம் உள்ளே லைட் போட்டப்புறம்தாம்மா வெளியே கலர் தெரியும்."
"டிரைவருக்குக் காது கேட்டுச்சா?" என்றாள் அம்மா.
ரேசர் ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 30
ஒன்றுமில்லை. வழக்கம்போல விடியலில் கிளம்பிப் போனார்.

மே 6
காலையில் அப்பா வீட்டில் இருந்தார். சாயங்கால டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டாராம். முட்டிவலியாம். முட்டிவலிக்கும் சாயங்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா முணுமுணுத்தாள்.

மே 7
மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். தட்டைப் பார்த்தபடியே, "இடது வைப்பரைக் குட்டையா வச்சிருக்கியே" என்றார்.
"அந்தப் பழைய பஸ்ஸுல அப்படித்தானேப்பா இருந்துச்சு."
"ஸ்பேர் கிடைக்கல. வேற வண்டியோடதை எடுத்து மாட்டினேன்."
பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
"கொஞ்சம் தண்ணி குடும்மா."