‘லேட்டு’ என்று நீங்கள் எழுதியவனைப் பற்றி

மொபீல், அலபாமா
ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை

திரு. கார்னெல் ஹாப்ஸ் அவர்களுக்கு,

எவரெட் டாலிவர் எழுதுவது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிய காலத்திலிருந்து உங்களை ‘நீ’ என்றே அழைத்து வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். தயவுசெய்து அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலையில் இருந்தேன். என் மனைவிதான் பேசினாள். மேற்குக் கரையில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி எங்கள் மகன் டேவியனைத் தன் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பார்க்க விரும்புகிறது என்றும், அவனைப் பற்றி உங்களிடம் விசாரித்தார்கள் என்றும் சொன்னீர்களாம். “நம்ம புள்ளையாச்சே யோலாண்டா! நல்ல வார்த்தை நாலு எழுதிப் போடுறேன், நீ கவலையே படாத தங்கச்சி” என்றீர்களாம். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு, அடுப்பிலிருந்த கீரையை மறந்து அங்கேயே நின்றிருக்கிறாள். நான் வந்தபோது கருகிய வாடை வாசல்வரை அடித்தது.

அந்த நாலு வார்த்தையை நீங்கள் எழுதக் கூடாது. இதுதான் என் முதல் வேண்டுகோள். காரணத்தைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்க நீங்களும் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

டேவியனை உங்கள் அணி தேர்ந்தெடுத்த கோடையில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஆட்டக்காரர்களை எடைபோடும் பிரிவுக்கே தலைவர், எங்கள் மேசையில் உட்கார்ந்து பொரித்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் சாப்பிட்டார் என்று எங்கள் தெருவே பேசியது. நீங்கள் அன்று சொன்னதை என்னால் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்ல முடியும். “எவரெட், காலுக்கு வேகம் சொல்லிக் குடுக்கலாம், கைக்கு பலம் ஏத்தலாம். இந்தக் கண்ண யாராலயும் குடுக்க முடியாதுடா. பந்து கெளம்புறதுக்கு முன்னாடியே உன் மவன் அங்க போய் நிக்கிறான்!” தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர் என்பவன் உடம்பால் மோதுவதற்கு முன் கண்ணால் விளையாட வேண்டியவன், எதிரே நிற்பவர்களின் தோளும் பாதமும் திரும்புவதைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று படித்துவிட வேண்டியவன். அந்தப் படிப்பு என் மகனுக்குப் பிறவியிலேயே இருந்தது என்று சொன்னது தகப்பனாகிய நான் அல்ல, நீங்கள்.

முதல் ஆண்டு அவன் உங்கள் சொல்லைக் காப்பாற்றினான். எதிரணியில் பந்தோடு ஓடுகிறவன் ஒருவன், மூன்றாவது முறையும் இவனிடமே மாட்டிக்கொண்டு தரையில் கிடந்தபடி, “ஏன்டா, எங்க பேச்ச ஒட்டுக்கேக்க எங்க ரூமுல ஆள் வச்சிருக்கியா?” என்று கேட்டானாம். “ஆள் எதுக்குண்ணே? ஒங்க முட்டியே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருதே” என்றானாம் இவன். இதைச் சொல்லிச் சொல்லி யோலாண்டா சிரித்த காலம் ஒன்று இருந்தது.

இனி உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு, மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில், ஒருவர்மேல் ஒருவர் விழுந்த குவியலுக்குள் ஒருவனுடைய முழங்கால் டேவியனின் தலைக்கவசத்தில் மோதியது. எழுந்தான். கவசத்தை இரண்டு தட்டுத் தட்டினான். ஓரத்துக்கு அழைத்துப் போய்ச் சோதித்தார்கள். தேறிவிட்டான் என்று திரும்ப உள்ளே அனுப்பினார்கள். அது வரையில் எல்லாம் விதிப்படி நடந்தது. உங்கள் மருத்துவர்கள்மேல் எனக்கு வழக்கில்லை. அவர்கள் கையில் இருந்த அளவுகோல் பொய்யானது. அதை அவர்கள் அறியமாட்டார்கள்.

அந்த அளவுகோலைப் பற்றி இந்தப் பிப்ரவரியில்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போயிருந்தோம். ஆட்டப் பருவம் தொடங்கும் முன் கணினியில் எடுக்கும் நினைவுப் பரீட்சையின் மதிப்பெண்ணை அந்த அம்மையார் வரவழைத்துப் பார்த்தார். நல்ல நிலையில் இருக்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் அளந்து வைத்துக்கொண்டு, அடிபட்ட பிறகு அதோடு ஒப்பிடுவதற்கான பரீட்சை அது. பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, நீங்க கணக்குல பட்டம் வாங்கினவர்னு உங்கம்மா சொல்றாங்க. இந்த மார்க்க பார்த்தா பேர் எழுதவே யோசிச்சிருப்பீங்க போல இருக்கே?” என்றார். டேவியன் தலை நிமிரவில்லை. நான் இரண்டாம் முறை கேட்டதும்தான் சொன்னான். “வேணும்னேதான் தப்பா போட்டேன்ப்பா. எல்லாரும் போடுவாங்க. கார்னெல் மாமாதான் சொல்லிக் குடுத்தாரு.”

நினைவிருக்கிறதா? அதே கெளுத்தி மீன் விருந்துதான். நான் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியருகே நின்றிருந்ததால் அந்தப் பேச்சு என் காதில் விழவில்லை. யோலாண்டாவுக்கு முழுதும் நினைவிருக்கிறது. “மொத பரீட்சைல கொஞ்சம் மக்கா இருந்துக்கோ மாப்ள. அப்புறம் மண்டைல எவன் இடிச்சாலும், அட, இவன் எப்பவுமே இப்டித்தான்னு உள்ள அனுப்பிருவான். நாங்கல்லாம் அப்டித்தான் ஒரு ஆட்டம்கூட உக்காராம ஆடுனோம்!” மேசையே சிரித்ததாம். உங்கள் பக்கத்திலிருந்த டேவியனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினீர்களாம்.

அவன் உங்கள் சொல்லைக் கேட்கிற பிள்ளை. மக்காக இருந்துகொண்டான். அதனால், மழையில் அடிபட்டு எழுந்து வந்தபோது உண்மையிலேயே மங்கியிருந்த அவனுடைய மூளை, அந்தப் பொய் மதிப்பெண்ணோடு கச்சிதமாகப் பொருந்திப்போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அறிவீர்கள் என்பதைவிட, நீங்களே எழுதினீர்கள். அவன் தாமதிக்கத் தொடங்கினான். பந்து போன பின் திரும்பினான். தானே கூவ வேண்டிய தடுப்புக் குறிச்சொல்லை மறந்து, பக்கத்தில் நிற்பவனைக் கேட்டான். உங்கள் அறிக்கையில் ‘லேட்டு’ என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். அது உடைமாற்றும் அறைக்குப் போய் அவனுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. “டேய் லேட்டு, பஸ்ஸு கெளம்பிருச்சுடா!” “லேட்டு, நேத்து ஆட்டத்துக்கு இன்னிக்கு வந்து ஆள மடக்குறியா?” பிள்ளைகள்தானே, கேலி செய்வார்கள். அவர்கள்மேலும் எனக்கு வழக்கில்லை. முதல் வரிசையிலிருந்து இறக்கி, பந்தை உதைத்தனுப்பும் ஆட்டங்களில் முழு வேகத்தில் ஓடி மோதுகிற கூட்டத்தில் அவனைப் போட்டீர்கள். அங்கே அவன் தலை எத்தனை முறை இடிபட்டது என்று அவனுக்கே தெரியாது. பிறகு அணியிலிருந்தே விடுவித்தீர்கள்.

விடுவித்த அன்று எனக்கு அழைத்தீர்கள். “மனசு கேக்காமத்தான்டா சொல்றேன். பையன் தங்கம். ஆனா தலைக்குள்ள கடிகாரம் மெதுவா ஓடுது. மொத வருசம் ஏதோ அதிர்ஷ்டம் அடிச்சிருச்சு. அவனுக்கு இவ்ளோதான் எவரெட், நீயும் ஆசைய வளத்துக்காத.” நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன்.

என் தொழில் பாலங்களைச் சோதிப்பது என்று உங்களுக்குத் தெரியும். போன ஆண்டு நேராக நின்ற உத்தரம் இந்த ஆண்டு தொய்ந்திருந்தால், இதன் தரம் இவ்வளவுதான் என்று எழுதிவிட்டுக் காரில் ஏறுகிறவனை எங்கள் துறையில் மறுநாள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். இடையில் இதன்மேல் என்ன விழுந்தது என்றுதான் முதலில் கேட்போம். முதல் ஆண்டு ஆட்டப் படமும் இரண்டாம் ஆண்டு ஆட்டப் படமும் உங்கள் மேசையிலேயே இருந்தன. மழை ஆட்டத்துக்கு முந்தின வாரம் வரை முந்திக்கொண்டு போய் நின்றவன், மறு வாரம் முதல் பிந்துகிறான். ஆயிரம் பையன்களைப் பார்த்த கண் உன்னுடையது. இவன் எப்படி ஒரே வாரத்தில் வேறொருவன் ஆனான் என்று உனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லையா, கார்னெல்? தெரியாத ஊர்க்காரன் பிள்ளையாக இருந்தால்கூடத் தோன்றியிருக்க வேண்டாமா?

மன்னிக்கவும். ‘உங்களுக்கு’ என்று எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுச் செய்தியைச் சொல்கிறேன். டேவியன் தன் பழைய அறையில் இருக்கிறான். வெளிச்சம் ஆகாததால் திரைச்சீலையை யோலாண்டா ஊசி குத்தி மூடி வைத்திருக்கிறாள். தேவாலயத்தில் மேளம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவான். அது முடிந்த பிறகும் உள்ளே வருவதில்லை, காரில் இருப்பான். போன வாரம் பால் வாங்கப் போனவன் தான் படித்த பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, எதற்காக வந்தேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டான். அவள் “பாலுக்குத்தான் கண்ணு” என்றாளாம். “ஆமால்ல” என்று சிரித்தானாம். அந்தச் சிரிப்பைப் பற்றி அவள் என்னிடம் பேச மறுக்கிறாள்.

மங்கலாக வைத்த திரையில் தன்னுடைய ஆட்டங்களையே போட்டுப் பார்க்கிறான். தான் பிந்துகிற இடம் வரும்போதெல்லாம் ‘லேட்டு’ என்று மெல்லச் சொல்லிக்கொள்கிறான். கேலி இல்லை, கோபமும் இல்லை. உங்கள் அறிக்கைக்குக் கையெழுத்துப் போடுகிறவனைப்போலச் சொல்கிறான்.

மருத்துவர் சொன்னது இது. இப்போதைக்கு ஓய்வும் சிகிச்சையும் கொடுத்தால் பெரும்பகுதி மீண்டுவிடலாம். இன்னுமொரு பலத்த அடி பட்டால் எதற்கும் அவர் பொறுப்பில்லை. முகாமில் கேட்டால் அவன் எதையும் சொல்லப்போவதில்லை. தலைவலியை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அது ஒன்றுக்குத்தான் அவன் தாமதிப்பதில்லை.

ஆனாலும் போகத்தான் போகிறான். வருகிற வாரம் முகாம். பையைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டான். நேற்று நான் நிதானமிழந்து கத்தினேன். டாக்டர் சொன்னது உன் காதில் விழவில்லையா என்று கேட்டேன். அவன் கத்தவில்லை. “டாக்டரம்மா சொன்னது என் தலையப் பத்திப்பா. மாமா சொன்னது என்னையப் பத்தி” என்றான். நீ பிந்தியது காயத்தால், உன்னால் அல்ல என்றேன். “நீங்க அப்பா. நீங்க அப்டித்தான் சொல்வீங்க. அவருக்குத்தான்ப்பா ஆள் தெரியும். அவரே லேட்டுனு சொன்னாருன்னா, ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஆடி அவருக்குக் காட்டணும். அப்புறம் நீங்க எங்க உக்காரச் சொன்னாலும் உக்காருறேன்” என்றான்.

யோலாண்டா அவன் காலணிகளை ஒளித்து வைத்தாள். பிறகு அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு இருபத்து நான்கு வயது. கட்டிப்போட முடியாது.

அவன் ஆடப் போவது பெயருக்காகவோ புகழுக்காகவோ அல்ல என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நீங்கள் எழுதிய ஒரு சொல்லை அழிப்பதற்காகப் போகிறான். அதைத் தன் தலையால்தான் அழிக்க முடியும் என்று நம்புகிறான். நான் சொன்னால் அது பாசம். அவன் தாய் சொன்னால் அது பயம். நீங்கள் சொன்னால் மட்டுமே அது தீர்ப்பு. இந்த நிலைக்கு நான் வந்திருக்கிறேன்: உலகத்தில் எவன் வாயிலிருந்து இனி ஒரு சொல்லும் கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ, அவனுடைய வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

ஆகவே என் இரண்டாவது வேண்டுகோள். மேற்குக் கரைக்கு எழுத வைத்திருந்த அந்த நல்ல வார்த்தைகளை அவனிடம் சொல்லுங்கள். கடிதம் வேண்டாம், அவனால் நான்கு வரிக்குமேல் படிக்க முடிவதில்லை. நேரில் வாருங்கள். வந்து, முதல் ஆண்டு ஆட்டப் படத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். அவன் எங்கெங்கே மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டான் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அதிர்ஷ்டம் என்று சொன்னது பிழை என்று சொல்லுங்கள். மழை ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் பார்த்ததெல்லாம் காயத்தைத்தான், அவனை அல்ல என்று சொல்லுங்கள். இரக்கப்பட்டுச் சொல்வதுபோல் தொனித்தால் கண்டுபிடித்துவிடுவான். உங்கள் தொழில் பேச்சிலேயே, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நான் வீட்டில் இருக்க மாட்டேன். இருந்தால் என்னால் மரியாதையாக நடந்துகொள்ள முடியுமா என்று தெரியவில்லை. யோலாண்டா கதவைத் திறப்பாள், சாப்பிடச் சொல்லுவாள், சாப்பிடுங்கள். நான் எழுதியதாக அவனுக்குத் தெரிய வேண்டாம். நீங்களாகவே வந்ததாக இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் நல்ல நினைவோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டுமென்று, கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மனமார வேண்டிக்கொள்கிறேன். என் பிள்ளையிடம் அவன் நல்ல ஆட்டக்காரனாக இருந்தான் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டால்தான் அவனால் நிறுத்த முடியும்.

இப்படிக்கு,
எவரெட் டாலிவர்