ஆறாவது தூண்

ஆகஸ்ட் 3
இல்லை, நான் இங்கே வந்தது தங்கத்துக்காக இல்லை. லேடி மாட் சுரங்கத்தில் அது தீர்ந்து எழுபது வருஷம். பக்கத்தில் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒரு குழி தோண்டுகிறார்கள். கழிவுப்பாறையை எங்கள் வீடிருந்த இடத்தில் கொட்டப்போகிறார்கள். அப்பா பிறந்த இடம். ஆட்சேபம் சொல்ல 28ஆம் தேதி கடைசி.

தொல்லியல் ஆய்வாளர் டுவைட்டின் அறிக்கை: ‘குடியிருப்புத் தடயம் இல்லை. உடைந்த புட்டிகள். இயற்கையான களிமண் படலம்.’

படலமாம்! கறையான் புற்றை இடித்து, நனைத்து, தாத்தா அடித்துப் போட்ட தரை அது.

ஆகஸ்ட் 4
டுவைட்டிடம் பேசினேன். நல்ல மனிதர். அதுதான் எரிச்சல்.

“சுவர் இல்ல, கூரை இல்ல. இதை வீடுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?”

ஏழு வருஷம் பல்கலைக்கழகத்தில் என்னதான் படித்தேன்?

ஆகஸ்ட் 8
கல்கூர்லி நகரம். மெர்ல் அத்தை வீடு. அப்பாவின் அக்கா, வயது எண்பத்தாறு. அறிக்கையைப் படித்துக் காட்டினேன். ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சிரித்தாள்.

“சரியாத்தானே எழுதியிருக்கான். அங்க ஏது வீடு?”

“அத்தை!”

“அதான் கழட்டிக் கொண்டாந்துட்டோமே. நீ இப்ப எதுக்குள்ள உக்காந்து திங்கறேன்னு நெனச்ச?”

தங்கம் தீர்ந்தால் வீட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு. இங்கே எல்லோரும் செய்ததுதான். நான் மட்டும் இல்லாத சுவரைத் தேடிக்கொண்டிருந்தேன் — அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு.

ஆகஸ்ட் 9
சமையலறைச் சுவர்ப்பலகைகளைக் கழற்றினேன். (“திருப்பி மாட்டாமப் போன, தொலைச்சிடுவேன்.”)

உள்ளே முல்கா என்ற உள்ளூர் மரத்தாலான தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் உளியால் வெட்டிய ரோமன் எண். மறுபடி நிறுத்தும்போது இடம் மாறாமலிருக்கத் தாத்தா வெட்டியவை. ஒன்றிலிருந்து எட்டு வரை. ஆறு மட்டும் இல்லை. அந்த இடத்தில் பைன் மரத் தூண்.

“அதுவா? பிடுங்கறப்ப முறிஞ்சுது. அடிக்கட்டை வரவே இல்ல. எங்கப்பா பேசின பேச்சுக்கு நான் காதைப் பொத்திக்கிட்டேன்.”

வரவே இல்லை என்றால் — அங்கேயேதானே இருக்கணும்?

ஆகஸ்ட் 10
தூண்களுக்கிடையே அளந்தேன். டுவைட்டை வரச் சொன்னேன். அத்தையைக் கூப்பிடவில்லை. “அந்த ஈ மொய்க்கிற காட்டுக்கு எவ வருவா” என்றவள் தொப்பியைத் தேடுகிறாள்.

ஆகஸ்ட் 12
களிமண் தரையின் மூலையிலிருந்து பதினோரு அடி. மணலைத் தள்ளினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சாண். என்ன பண்றேன் நான், இவங்களை இழுத்துட்டு வந்து —

மரம்.

ஒரு கோணம். பக்கத்தில் ஒரு கோடு. ஆறு!

டுவைட் மண்டியிட்டு அந்த வெட்டை விரலால் தடவினார்.

“என்னய்யா,” காருக்குள்ளிருந்து அத்தை, “அதுவும் இயற்கையா முளைச்சுதா?”

“மிச்சம் ஏழு தூணையும் பார்க்கணும், மிஸஸ் பாஸ்கோ.”

“வா. டீயும் தரேன். காலைத் துடைச்சுட்டு உள்ள வா.”

செப்டம்பர் 19
எங்கள் ஆட்சேபத்துக்குப் பதில் கடிதம் வந்தது. கழிவுப்பாறை வடக்கே போகிறது. எங்களைச் சுற்றி வேலி. ‘குடியிருப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு முறை படித்தேன். சத்தமாக.

அக்டோபர் 2
வேலி போட்டாயிற்று. லாரிகள் தூரத்தில், வடக்கே திரும்பிப் போயின. தரையைப் பெருக்கி, நடுவில் அத்தைக்கு மடக்கு நாற்காலி போட்டேன்.

“அடியே, இது படுக்கையறை. டீயை இங்கயா குடிப்பாங்க?”

நாற்காலியை எடுத்து நான்கடி தள்ளிப் போட்டேன்.