மிஷினுக்கு வைத்த பொட்டு

1961 ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

மகள் சிவகாமிக்கு இன்று புதுக்கோட்டையில் டைப்பிங் பரீட்சை. இன்ஸ்டிட்யூட் டைப் மிஷினை என் மாட்டுவண்டியில்தான் ஏற்றிப் போனோம். தாலியறுத்து வந்தவளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தால்தான் பிழைப்பு. நல்லபடி முடியட்டுமென்று, புறப்படுமுன் எழுத்துக் கம்பிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

பரீட்சையில் திறந்தால் சந்தனம் காய்ந்து கம்பிகள் ஒட்டிக்கிடந்தனவாம். சுரண்டியே நேரம் போய்விட்டது.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?"

"புது வண்டிக்கு வைக்கிறதில்லையா ஆத்தா?"

"வண்டி சந்தனத்தோட ஓடும்ப்பா" என்றாள். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் ஆகும்.

வீட்டுக்கு வந்து அவள் சோறு போடும்போது பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் குங்குமம். மாப்பிள்ளை போன பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை.

"கழுவிட்டேன், போகமாட்டேங்குதுப்பா" என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.