சோப்புப் போட்டுக் கழுவிய சட்டி

மார்ச் 3

புது வார்ப்பிரும்புச் சட்டி வாங்கினேன். கழுவித் துடைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை அடுப்பில் காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவ வேண்டும். பழக்குவது என்றால் அதுதான். ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. இவருக்குப் பசி, பொறுக்கவில்லை. முட்டையை ஊற்றினேன், அப்பிக்கொண்டது.

"சட்டி இன்னும் பழகலைங்க."

"சட்டியா, நீயா?" கேட்டுக்கொண்டே அறைந்தார். தட்டு சுவரில் போய் உடைந்தது.

மார்ச் 4

இடது காதில் கொய்யென்று சத்தம். "பழகிடும்மா. எனக்குப் பழகலையா?" என்றார் மாமியார். சட்டியைச் சொல்கிறார் என்று நினைத்தேன், மண்டு.

மார்ச் 12

இன்று முட்டை நழுவியது! மீன்கூடத் தோல் பிய்யாமல் புரண்டது. பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டலாம் போல இருந்தது. சோப்பு மட்டும் போடக்கூடாது, வெந்நீரும் துணியும் போதும் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

"ஆமா, கழுவுறதுக்குத்தான் நான் காத்துக் கிடக்கேன்" என்றார் இவர். குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மகராசன்.

மார்ச் 19

மீனில் உப்பு கூடிவிட்டது. என் வலது கையைப் பிடித்து, காய்ந்துகொண்டிருந்த சட்டியின் கைப்பிடியில் வைத்து அழுத்தினான். இதற்குக் கைப்பிடியும் இரும்பு, சேர்ந்தே காயும். தோல் உரிஞ்சு அதுலயே ஒட்டிக்கிச்சு. கத்துனா இன்னும் அழுத்துவான்னு கத்தல.

இடது கையால எழுதறேன். அவர்னு எழுத வரல.

மார்ச் 21

தம்பி வந்தான். என் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்தான். "மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்க்கா."

"நீ பேசினா எனக்குத்தான் விழும். விடுடா."

மார்ச் 24

தையல் கம்பெனி வேலை முடிந்து வந்தேன்; கை ஆறும்வரை இடது கையால் எண்ணி அடுக்குகிற வேலைதான். மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தொட்டியில் சட்டி வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் சோப்புப் பவுடர், கம்பி நார். விளிம்பெல்லாம் அதற்குள் துரு.

"யாரு கழுவுனது?"

"நான்தான். அழுக்கா இருந்துச்சு."

இவனா? கைப்பிடி சேரும் இடுக்கில் சிவப்பாக இருந்ததை நகத்தால் சுரண்டினேன். துரு பொடியாக உதிரும். இது பிசுபிசுத்தது. கூடவே ஒரு குட்டை முடி.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். தம்பி மண்டை உடைந்து கால்வாய் ஓரம் கிடந்தானாம். "வண்டில போய் விழுந்திருப்பான்" என்றான் இவன், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

தம்பி பேசத்தான் வந்திருக்கான். என் கைக்காகத்தான் வந்திருக்கான். சட்டியைத் துண்டில் சுற்றிக் கிளம்பினேன்.

மார்ச் 25

நேற்று ஸ்டேஷனில் எழுத்தர் சிரித்தார். "புருஷன் பாத்திரம் கழுவுனான்னு புகாரா?"

அடுத்த மேசைப் பெண் போலீஸ் துண்டைப் பிரித்தார். "இரும்புச் சட்டிக்கு சோப்புப் பவுடரா?" இடுக்கைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், எழுந்துவிட்டார். "அவன் வீட்லதான் இருக்கானா?"

விடிவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9

தம்பி கண் திறந்தான். "மாமா... சட்டி..." அவ்வளவுதான் வந்தது. பின்மண்டையில் அடித்திருக்கிறான், கிளம்பத் திரும்பினவனை. கட்டையில போறவன்.

ஏப்ரல் 30

மாமியார் போன். "புகாரை வாபஸ் வாங்கும்மா. ஜெயில்ல அவனுக்கு ஒரு வாய் இறங்கலையாம்."

"பழகிடும் அத்தை" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 6

இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறேன், இங்கே இன்னொரு சட்டி வாங்கினேன். பழையது கோர்ட்டில் இருக்கிறது. நன்றாகத்தான் எண்ணெய் காட்டினேன், ஆனாலும் இன்று முட்டை அப்பிக்கொண்டது. என் தோள் தானாகக் குறுகியது. கை காதைப் பொத்திக்கொண்டது. அப்படியே நின்றேன்.

எதுவும் விழவில்லை.

திரும்பினால் தம்பி தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறான். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை அவனுக்கு.

"ஒட்டுனது... எனக்குக்கா."

சுரண்டிப் போட்டேன். அதிலும் பாதியை எனக்கு எடுத்து வைத்தான்.