நாலு கட்டை

ரங்கூன், பசுந்தாங்
1927, ஆடி மாதம்

அன்பும் மரியாதையும் உள்ள குழந்தைவேலு அண்ணனுக்கு,

தங்கை ஜெயம்மா வணங்கி எழுதுவது. மதுரையில் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை, அண்ணா.

இங்கே மழை விடவில்லை. துணி எதுவும் காய்வதில்லை, மாடிப்படியெல்லாம் பாசி. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போன ஊரிலெல்லாம் மாலை வாங்கிய உங்கள் மைத்துனர் ராஜபார்ட் பழனியப்பன், அந்த ஈரத்தில் உட்கார்ந்து குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக் கொடுக்கிறார். நாடகக் காண்டிராக்டர் யாராவது வந்து கூப்பிட்டால், குரல் போய்விட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்.

எதனால் அப்படிச் சொல்கிறார் தெரியுமா? லத்தா கடைத்தெருவில் பழைய கிராமபோன் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். சென்னையில் நீங்கள் ஆர்மோனியம் வாசிக்க அவர் பாடிப் பதிவு செய்தாரே, அந்த இசைத்தட்டைத் தினமும் காலையில் அதில் போட்டுக் கூடவே பாடிப் பார்ப்பார். தட்டின் சுருதி உயரம் அவருக்கு எட்டவே இல்லை. ஒரு வருஷம் மல்லுக்கட்டினார். என் குரலுக்கே என்னால் ஈடுகொடுக்க முடியவில்லையே என்று மேடையை விட்டார்.

போகட்டும் என்று இருந்தேன். இப்போது உங்கள் மருமகன் சுப்பிரமணியத்தைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குப் பதினாலு நடக்கிறது, மகரக்கட்டு. குரல் உடைகிற வயதில் பையனைச் சும்மா விட வேண்டும் என்று நாடகக் கம்பெனிச் சமையல்காரனுக்குக்கூடத் தெரியும். இந்த மனுஷனுக்குத் தெரியாதா? நான் விட்டதை நீ பிடி என்று அதே உயரத்தில் கத்த வைக்கிறார். போன வாரம் அவன் துப்பியதில் ரத்தம் இருந்தது.

இனி எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். சேலை எடுக்க ஷம்சுதீன் ராவுத்தர் கடைக்குப் போனேன். அங்கே புதுப் பெட்டியில் அதே தட்டு பாடியது. உங்கள் ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த காது எனக்கு. சுத்தமாக நாலு கட்டைச் சுருதி. வீட்டில் கேட்பது ஐந்தையும் தாண்டி இருக்கும். எங்கள் பெட்டியின் வேகத் திருகாணி கெட்டிருக்கிறது, அண்ணா. தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறாதா? தான் ஒருநாளும் பாடாத சுருதியோடு மோதித்தான் இந்த மனுஷன் தொண்டையைக் கிழித்துக்கொண்டார். மேடையை விட்டதும் அதற்குத்தான்.

அவர் குளிக்கப் போனபோது திருகாணியை நான் தளர்த்தி வைத்தேன். வந்து கேட்டவர் முகம் செத்துப்போயிற்று. நடந்ததைச் சொன்னேன். என் மேல் இரக்கப்பட்டுச் சுருதியை இறக்கி வைத்தாயா என்று கேட்டு அழுதார். ராவுத்தர் கடைக்கு வந்து கேளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓடையில் எறிந்துவிட்டார். அந்தச் சுருதியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பிள்ளையை இன்னும் வாட்டுகிறார்.

தட்டுக்குப் பாடிய அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் நீங்கள். அவர் நம்புவது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். நாலு கட்டைதான் வாசித்தேன் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் பிள்ளை தப்பிப்பான். ஆனால் நல்ல குரலை வைத்துக்கொண்டு வீணாக மேடையை விட்டோம் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தக் குரலும் நிஜமாகவே போய்விட்டது. அதை எப்படித் தாங்குவார்? இப்போதே சாயங்காலமானால் போட்டாதாங் படகுத்துறையில் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இருந்தாலும் எழுதுங்கள், அண்ணா. யோசித்து யோசித்துத்தான் சொல்கிறேன். அவரை நான் கண்ணை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த கப்பல் தபாலிலேயே எழுதுங்கள்.

சுப்பிரமணியம் பக்கத்தில்தான் நிற்கிறான். மாமாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். வாயைத் திறந்தான், வெறும் காற்றுதான் வந்தது. கையைக் கூப்பிக் காட்டுகிறான். அவன் நமஸ்காரத்தை ஏற்றுக்கொண்டு, உங்கள் வாயால் அவனை ஆசீர்வதியுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயம்மா